குவியலுக்குள் கையை விடுங்கள்!

(மதுரையில் வணிகவியல் மாணவர்களும் இளம் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியல். அந்த வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. "இது என்ன?" என்று வியாபாரியைக் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது.

நம்முடைய பயான்களில் இந்தச் செய்தியில் பாதியைத்தான் சொல்கிறோம். "மோசடி செய்யாதே" என்கிறோம். மறுபாதி என்ன? மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து நம்பாதே, உள்ளே கையை விட்டுப் பார், பிறகு கேள்வி கேள்! மோசம் செய்வது எப்படிக் கூடாதோ, அப்படியே மோசம் போவதும் கூடாது.

இன்று நம் பிள்ளைகள் பி.காம்., பி.பி.ஏ. என்று ஏராளமாகப் படிக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் எப்படிப் படிக்கிறார்கள்? ஆசிரியர் நோட்ஸ் சொல்கிறார், மாணவர் எழுதுகிறார். தேர்வுக்கு முன் 'முக்கியமான கேள்விகள்' கைக்கு வருகின்றன. முதலீட்டுக்கு இலக்கணம் கேட்டால் ஐந்து மார்க்குக்கு எழுதிவிடுவான். அதே பையனின் வீட்டுக்கு ஒருவர் வந்து, "ஒரு லட்சம் போடுங்கள், மாதம் மூவாயிரம் தருகிறோம்" என்றால், வாப்பாவுக்கு அவனால் என்ன சொல்ல முடிகிறது? இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் விடை அச்சடித்து வைக்கப்படவில்லை.

பெங்களூரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்று சொல்லி மக்களிடம் பணம் திரட்டியது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததும், ஓய்வு பெற்றபோது கிடைத்ததும் அங்கே போயின. 2019 ஜூனில் அதன் உரிமையாளர் நாட்டைவிட்டு வெளியேறினார். கண்ணீரோடு கூடிய மக்கள் ஆயிரக்கணக்கில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். ஜூலையில் டெல்லி வந்து இறங்கிய அவர் கைது செய்யப்பட்டார், வழக்கு சி.பி.ஐ. வரை போனது.

இது நம் சமுதாயத்தின் நோய் மட்டுமல்ல. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது 2023இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தார்கள். படித்தவர்களும் இருந்தார்கள்.

சகோதரர்களே! ஒரு லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறாயிரம். நூற்றுக்கு 36. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம் செய்பவரே! விளக்குத்தூணில் ஜவுளி விற்பவரே! வாடகை, கூலி, வரி, வராத கடன் எல்லாம் போக, போட்ட முதலுக்கு ஆண்டுதோறும் 36 சதவீதம் தவறாமல் உங்களுக்கு நிற்கிறதா? உங்களுக்கு நிற்காதது அவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

மார்க்கத்தின் அளவுகோலையும் வையுங்கள். ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு என்ற முளாரபா கூட்டில் லாபத்தை விகிதமாகத்தான் பேச முடியும். நஷ்டம் வந்தால் முதலைப் போட்டவர் அதை ஏற்க வேண்டும். "லாபமோ நஷ்டமோ, மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று எவர் சொன்னாலும் அது கூட்டு வியாபாரம் அல்ல. பெயர்ப் பலகையில் ஹலால் என்று எழுதிவிட்டால் வட்டி மாறிவிடாது. கணக்கு தெரிந்தவனும் இதைப் பிடித்திருக்கலாம், மார்க்கம் தெரிந்தவனும் பிடித்திருக்கலாம். இரண்டு பேருமே கேட்கவில்லை என்பதுதான் வேதனை!

நம்மை யாரும் கேட்காதே என்று சொல்லவில்லை. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி திருக்குர்ஆன் 49:6 கட்டளையிடுகிறது. அறிவில்லாத விஷயத்தின் பின்னே போகாதே என்கிறது 17:36. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது தெரியுமா? 2:282. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்லும் வசனம்!

இதை எப்படிக் கற்றுக் கொடுப்பது? நமக்குப் புதிதல்ல. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரி. ஒரு பிரச்சினையை மாணவர்கள் முன்னே வைப்பார்கள். மாணவர்கள் வாதிடுவார்கள், இமாமின் கருத்தையே மறுத்தும் பேசுவார்கள். அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) போன்ற மேதைகள் அப்படி உருவானவர்கள். இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியிலும் ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை மாணவர்கள் முன்வைத்து, "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்றுதான் பாடம் நடக்கிறது.

நாமும் ஒரு சிக்கலை எடுப்போம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் உள்ள வியாபாரி ஜி.எஸ்.டி.யில் 'காம்போசிஷன்' திட்டத்தில் சேரலாம். விற்பனையில் ஒரு சதவீதம் வரி, கணக்கு வேலையும் குறைவு. சேரலாமா? "ஒரு சதவீதம்தானே, சேர்ந்துவிடு" என்பது மேலே காய்ந்திருக்கும் தானியம். உள்ளே கையை விடுங்கள். உங்களிடம் வாங்குபவர் யார்? மஹபூப்பாளையத்தில் வீடுகளுக்கு விற்கும் சில்லறைக் கடைக்கு இது பொருந்தலாம். கடைகளுக்கு விற்கும் மொத்த வியாபாரியிடமோ, வாங்குகிற கடைக்காரர் 'இன்புட்' எடுக்க முடியாது. அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். கேரளாவுக்குச் சரக்கு அனுப்புபவர் இத்திட்டத்தில் சேரவே முடியாது. ஒரே சட்டம், ஆளுக்கு ஆள் வேறு விடை! இதை மனப்பாடம் செய்ய முடியுமா?

இன்னொன்று. கடையில் வியாபாரம் குறைந்துவிட்டது. உடனே "தள்ளுபடி போடு" என்கிறோம். வருகிற ஆட்கள் குறைந்தார்களா, ஆள் ஒருவர் வாங்கும் அளவு குறைந்ததா? எல்லாச் சரக்கிலுமா, ஒன்றிரண்டிலா? கடன் நின்றுபோனதால் சரக்கு எடுக்க முடியவில்லையா? நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பது வைத்தியமா?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு மஹல்லாவிலும் மாதம் ஒரு ஞாயிறு, இஷாவுக்குப் பிறகு மதரஸா கூடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வணிகம் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனியிட வசதி செய்யுங்கள். ஒரு வியாபாரி தன் உண்மையான சிக்கலை, யார் மானமும் போகாதபடி பெயர் சொல்லாமல் எடுத்து வைக்கட்டும். மாணவர்கள் முதலில் கேள்வி மட்டும் கேட்கட்டும். பிறகு தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்து எழுதட்டும். கடைசியாகத் தீர்வு சொல்லி, அது தவறிப்போனால் எவ்வளவு நஷ்டம் என்பதையும் சொல்லட்டும். ஆசிரியர்களே, விடையை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்! முதலாளிமார்களே, பிள்ளைகளுக்குக் கல்லாவை மட்டும் காட்டாதீர்கள், பேரேட்டையும் காட்டுங்கள்!

இளைஞர்களே! தாடியைப் பார்த்தோ, தலைப்பாகையைப் பார்த்தோ, மேடையைப் பார்த்தோ பணத்தை நீட்டாதீர்கள். ஆலிம் பரிந்துரைத்தாலும் கேளுங்கள். இயக்கத்துக்காரர் சொன்னாலும் கேளுங்கள். நாளை நானே ஒரு திட்டத்தோடு வந்து நின்றாலும், மரியாதையோடு, ஆனால் விடாமல் கேளுங்கள். கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் உங்கள் குடும்பத்தின் உழைப்பை ஒப்படைக்காதீர்கள்.

ஏமாற்றாத வியாபாரிகளாகவும் ஏமாறாத சமுதாயமாகவும் நம்மை ஆக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.