வட்டி எவ்வளவு என்பது நாலாவது கேள்வி

(கூட்டமைப்பின் 2025ஆம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடன் வாங்குவது பற்றி உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீர்மானம் எழுதுறது, உள்கடன் கொடுக்கிறது, தவணை தவறாமல் கட்டுறது, இதிலெல்லாம் நீங்கள்தான் எனக்குப் பாடம் நடத்தணும். ஆனால் கையில் நாலு காசு சேர்ந்த பிறகு அதை எங்கே வைக்கிறது? இதை நம்ம கூட்டங்களில் அதிகம் பேசுறதில்லை. அதனால் இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இப்போது பேச ஒரு காரணமும் இருக்கு. 2023 ஏப்ரலில் மத்திய அரசு பெண்களுக்காக மகிளா சம்மான் சேமிப்புச் சான்றிதழ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டு வருஷம், 7.5 சதவீத வட்டி, அதிகபட்சம் 2 லட்சம். முழு 2 லட்சம் போட்டவருக்கு முடிவில் 2,32,044 ரூபாய் வரும். 2025 மார்ச் 31ஓடு அந்தத் திட்டத்தில் புதிதாகச் சேருவது நின்றுபோச்சு. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு 2027 மார்ச் வரை ஒவ்வொருவராகப் பணம் முதிர்ந்து வந்துகொண்டிருக்கும். அந்தப் பணம் வரும் நாளைப் பார்த்து, "அக்கா, போஸ்ட் ஆபீசுல என்ன கிடைக்கும்? நம்ம கம்பெனியில போடுங்க" என்று ஒருத்தர் வந்து நிற்பார்.

நம்ம திருவண்ணாமலையில் பல பேருடைய வருமானம் ஒரே சீராக வருவதில்லை. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் பூ விற்கிறவங்க, இட்லிக் கடை போடுறவங்க, மோர், பழம் விற்கிறவங்க ஒரே நாளில் பணத்தைப் பார்ப்பாங்க. பிறகு அடுத்த பௌர்ணமி வரை சுமாராகத்தான் ஓடும். அதனாலேயே, மாதாமாதம் ஒரு தொகை தவறாமல் வரும் என்று யாராவது சொன்னால் நம்ம மனசு உடனே அங்கே போகுது. அந்த ஆசையில் தப்பே இல்லை. யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கு.

பணம் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, என் பணத்துக்கு யார் பொறுப்பு? இரண்டு, அவரால் தர முடியாமல் போனால் எனக்கு யார் தருவாங்க? மூன்று, அவசரம் என்றால் நடுவில் எடுக்க முடியுமா, எவ்வளவு பிடிப்பாங்க? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். அது நாலாவது கேள்வி. ஏமாந்த குடும்பங்களைப் பார்த்தால், பெரும்பாலும் நாலாவது கேள்வியோடு நிறுத்திக்கொண்டவர்களாக இருப்பாங்க.

வட்டியை நாம் பேசுற கணக்குக்கே கொண்டுவருகிறேன். நாம் 'நூத்துக்கு ரெண்டு வட்டி', 'நூத்துக்கு அஞ்சு வட்டி' என்று மாதக் கணக்கில்தான் பேசுவோம். அஞ்சலகத்தில் மாதாந்திர வருமானத் திட்டத்துக்கு இப்போது வருஷத்துக்கு 7.4 சதவீதம். நம்ம கணக்கில் அது நூத்துக்கு 62 பைசா. கேட்க ரொம்பக் குறைவாக இருக்கும். ஆனால் பத்திரமான பணத்துக்குக் கிடைக்கிற உண்மையான விலை இதுதான்.

ரிசர்வ் வங்கியிடம் பதிவு செய்து, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனம்கூட வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்று விதி இருக்கு. நம்ம கணக்கில் நூத்துக்கு 1 ரூபாய் 4 பைசா. அதனால் ஒரு ரூபாய்க் கோடு ஒன்றை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். டெபாசிட் பணத்துக்கு அந்தக் கோட்டைத் தாண்டி ஒருத்தர் வட்டி பேசினால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

ஆருத்ரா கோல்டு டிரேடிங் பெயரை எல்லாரும் கேட்டிருப்பீங்க. ஒரு லட்சம் போட்டால் மாதம் 30 ஆயிரம் என்றார்கள். அதாவது நூத்துக்கு முப்பது ரூபாய் வட்டி! 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் சோதனை போட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாக வழக்கு. ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நூத்துக்கு முப்பது சம்பாதிக்கிற தொழில் ஒருத்தரிடம் உண்மையிலேயே இருந்தால், வங்கியில் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டுப் போவார். நம்ம வீட்டு வாசலுக்கு ஏன் வருகிறார்? பின்னால் வருகிறவர் போடும் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்கு வட்டி என்று கொடுப்பதுதான் இதில் நடக்கும். அதனால் முதல் ஆறு மாதம் பணம் ஒழுங்காக வரும். 'எனக்கு வந்துச்சு' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதும் பொய்யாக இருக்காது. அதுதான் இதில் பெரிய ஆபத்து.

இன்னொன்றையும் கவனிங்க. இப்படிப்பட்ட கம்பெனிகள் விளம்பரத்தை விட உறவையும் நட்பையும் நம்பித்தான் ஆள் சேர்க்கும். நம்ம குழுவில் இருக்கிற நம்பிக்கை அவர்களுக்கு ரொம்பப் பிடித்த சரக்கு. ஒரு ஊக்குநரைப் பிடித்தால் பதினைந்து வீடு கிடைக்கும். கமிஷன் தருகிறேன் என்று உங்களிடம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆருத்ரா வழக்கில் கம்பெனி இயக்குநர்கள் மட்டும் கைதாகவில்லை, கிளைப் பொறுப்பாளர்களும் கைதானார்கள். அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019ஆம் ஆண்டு மத்திய சட்டம் தடை செய்திருக்கு. தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணத்தைத் திருப்பித் தர அதில் வழி உண்டு. ஆனால் அது வருஷக் கணக்கில் இழுக்கும். அதுவரை பெண்ணின் கல்யாணம் காத்திருக்குமா?

தீபாவளிச் சீட்டுக்கும் இதே மூன்று கேள்விதான். சீட்டு நடத்துகிறவர் 1982ஆம் ஆண்டு சிட்பண்டு சட்டப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

சரி, பத்திரமான இடம் எது? மூன்று கேள்வியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அஞ்சலகம். யார் பொறுப்பு? மத்திய அரசு. மாதாந்திர வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். ஐந்து வருஷம். ஒரு லட்சத்துக்கு மாதம் 617 ரூபாய் வரும். முதல் வருஷம் எடுக்க முடியாது. மூன்று வருஷத்துக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம் பிடிப்பாங்க, அதற்குப் பிறகு 1 சதவீதம். 60 வயது நிறைந்தவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு. 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. ஒரு லட்சத்துக்கு 2,050 ரூபாய். மாதாமாதம் சேர்க்கிறவர்களுக்கு ஆர்.டி., 6.7 சதவீதம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை அப்படியே ஐந்து வருஷம் ஆர்.டி.யில் போட்டால், கட்டியது 60 ஆயிரம், கையில் வருவது சுமார் 71,300. பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டம், 8.2 சதவீதம், வருஷத்துக்கு 250 ரூபாய் இருந்தாலே போதும்.

முகவர் மூலம் கட்டுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பாஸ்புக்கில் அஞ்சலக முத்திரையோடு பதிவு விழுந்ததா என்று மாதாமாதம் பாருங்கள். முகவருக்குக் கமிஷன் அரசு கொடுக்கிறது, நீங்கள் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது வங்கி டெபாசிட். வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. முன்பு இது 1 லட்சமாக இருந்தது. 2019இல் மும்பையில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்குத் தடை வந்தபோது மக்கள் ஆரம்பத்தில் 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. 2020 பிப்ரவரியில் வரம்பை 5 லட்சமாக உயர்த்தினார்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் கிராமத்தில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. சங்கம் மோசம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது கேள்விக்கு அங்கே பதில் வேறு, அவ்வளவுதான்.

வங்கி வட்டி ஏறும், இறங்கும். 2025இல் பிப்ரவரி முதல் ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5இலிருந்து 5.5 ஆகக் குறைத்தது. உடனே வங்கிகளும் டெபாசிட் வட்டியைக் குறைத்தன. எல்லாப் பணத்தையும் ஒரே டெபாசிட்டாகப் போடாமல், ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று பிரித்துப் போட்டால் வருஷா வருஷம் ஒன்று கைக்கு வரும். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

மூன்றாவது, பத்திரம். பாண்டு, பாண்டு என்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை. நாம் கொடுக்கும் கடனுக்கு அவர்கள் எழுதித்தரும் சீட்டு. இங்கே கடன் கொடுக்கிறவர் நாம், வாங்குகிறவர் அரசு அல்லது கம்பெனி. உறுப்பினருக்குக் கடன் கொடுக்குமுன் நம்ம குழுவில் என்னென்ன கேட்போமோ, அதையே இங்கேயும் கேட்கணும்.

ரிசர்வ் வங்கி மூலம் அரசு விற்கும் மிதக்கும் வட்டிச் சேமிப்புப் பத்திரம் ஒன்று இருக்கு. குறைந்தது 1,000 ரூபாய். ஏழு வருஷம். அஞ்சலகத் தேசியச் சேமிப்புப் பத்திர வட்டியை விட 0.35 அதிகம் தருவார்கள். இப்போது 8.05 சதவீதம். ஒரு லட்சத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 4,025 ரூபாய். அரசு வங்கிகளில் கிடைக்கும். ஆனால் மூன்றாவது கேள்வியை இங்கே மறக்காதீர்கள். ஏழு வருஷம் பணத்தைத் தொட முடியாது, அடகு வைக்கவும் முடியாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடி எடுக்க வழி உண்டு. கண்டிப்பாகத் தேவைப்படாத பணத்தைத்தான் இதில் போடணும்.

2021 நவம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் வலைத்தளத்தில் அரசுப் பத்திரங்களை நாமே நேரடியாக, 10 ஆயிரம் ரூபாயிலிருந்து வாங்கலாம். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. படித்த பிள்ளைகள் உதவினால் செய்யலாம். முதிர்வு வரை வைத்திருந்தால் அசல் முழுதாக வரும். நடுவில் விற்றால் அன்றைய விலைதான். உங்கள் பத்திரம் 7 சதவீதம் தருகிறது, புதிதாக வருவது 8 தருகிறது என்றால், உங்களுடையதை முழு விலைக்கு யார் வாங்குவார்?

கம்பெனிப் பத்திரங்களுக்கு மதிப்பீடு போடுவார்கள். மூன்று ஏ என்றால் மிக உயர்ந்தது. ஆனால் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கும் மூன்று ஏ இருந்தது. 2018இல் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. மூன்று ஏ என்பது ஒருவர் சொல்லும் கருத்துதான், உத்தரவாதம் இல்லை. மருந்துச் செலவுக்கும் பிள்ளைகள் பீசுக்கும் வைத்திருக்கும் பணத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 வயது தங்கச்சி ஒருத்திக்கு மகிளா சம்மானில் 2,32,000 வந்திருக்கு என்று வையுங்கள். 32 ஆயிரத்தை அவசரத்துக்கு வங்கியில் வைக்கலாம். 2 லட்சத்தை மாதாந்திர வருமானத் திட்டத்தில் போட்டால் மாதம் 1,233 ரூபாய். அந்த வட்டியைச் செலவு செய்யாமல் 1,200 ரூபாய் ஆர்.டி. கட்டினால், ஐந்து வருஷத்தில் 85 ஆயிரத்துக்கு மேல் சேரும். 2 லட்சம் அசலும் அப்படியே இருக்கும். யாரையும் நம்பி ராத்திரித் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தங்கச்சிக்கு வெளியில் நூத்துக்கு மூன்று வட்டிக்குக் கடன் இருந்தால்? முதலில் அதை அடைக்கணும். 62 பைசா வாங்கிக்கொண்டு மூன்று ரூபாய் கட்டுவது சேமிப்பே இல்லை. கந்துவட்டிக் கடனை அடைப்பதை விட அதிகம் சம்பாதித்துத் தரும் டெபாசிட் இந்த நாட்டில் எங்கேயும் கிடையாது.

எங்கே போட்டாலும் வாரிசு நியமனம் எழுதுங்கள். நீங்கள் போட்ட பணத்துக்கு மட்டும் இல்லை, வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் கணக்கில் உங்கள் பெயர் வாரிசாக இருக்கா என்றும் பாருங்கள். அவர் போன பிறகு வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைகிற பெண்களை நான் கவுன்ட்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இரண்டு தீர்மானம் எழுதுங்கள். ஒன்று, குழுக் கூட்டத்தில் எந்த டெபாசிட் கம்பெனிக்கும், பதிவு இல்லாத சீட்டுக்கும் யாரும் பணம் வசூலிக்கக் கூடாது. இரண்டு, உறுப்பினர் எவராவது பெரிய தொகை போடப் போனால், போடுமுன் கூட்டத்தில் சொல்லணும். அந்தக் கம்பெனிக்கு டெபாசிட் வாங்க அனுமதி இருக்கா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' வலைத்தளத்தில் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். போனில் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை குழுவுக்கு ஒன்று கண்டிப்பாக இருக்கும்.

உள்கடன் கொடுக்கும்போது பதினைந்து பேர் உட்கார்ந்து ஐயாயிரம் ரூபாய்க்கு அரை மணி நேரம் விவாதிக்கிறோம். நம்ம ரெண்டு லட்சத்தை வெளி ஆளிடம் கொடுக்கும்போது அதே அரை மணி நேரத்தைக் கொடுப்போம்.