சவாரித் திடலும் பார்வையாளர் கடமையும்

போட்டியில் இறங்குபவனுக்குப் பயிற்சி வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். அதனைப் பார்ப்பவனுக்கும் பயிற்சி வேண்டும் என்றால், கண் இருந்தால் போதாதா என்று பலர் நகைப்பர். ஆயினும், பார்வையாளர் எதற்குக் கைதட்டுகின்றனரோ அதுவே அடுத்த முறை பெருகும். எதனைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனரோ அது குறையும். இவ்வுண்மையை யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியில் வைத்து ஆராய்தல் பொருத்தமாகும்.

வட்டுக்கோட்டை என்றதும் கற்றோர் நினைவுக்கு வருவன, 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் அங்கு நிறுவிய செமினரியும், 1872இல் அதன் வழித்தோன்றலாக எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியுமே. அவ்வூருக்கு மற்றொரு முகமும் உண்டு. ஒருபுறம் பொன்னாலையும் மறுபுறம் அராலியும் இருக்க, வயலும் பனையும் கடல்நீரேரியும் அடுத்தடுத்துக் கிடக்கும் உழவர் பூமி அது. பொங்கலையும் சித்திரைப் புத்தாண்டையும் ஒட்டி இத்தகைய ஊர்களின் வெளிகளிலே சவாரி நடைபெறும்.

1905இல் வடக்குக்கான இருப்புப்பாதை முழுமை பெறும் வரையிலும், அதன் பின்னர் லொறிகள் பெருகும் வரையிலும், குடாநாட்டின் தரைவழிச் சுமையைப் பெரும்பாலும் மாட்டின் கழுத்தே தாங்கியது. புகையிலையும் வெங்காயமும் வண்டியேறியே சந்தைக்குச் சென்றன. வீதியில் ஒன்றையொன்று முந்திப் பார்த்த வண்டிகளே பின்னர்த் திடலுக்கு வந்தன என்று கருத இடமுண்டு. சுந்தர் என்னும் பெயரில் கேலிச்சித்திரம் வரைந்த சிவஞானசுந்தரம், தம் புகழ்பெற்ற பாத்திரத்துக்குச் சவாரித்தம்பர் என்று பெயரிட்டார். சவாரி மக்கள் வாழ்வில் எத்துணை ஊறியது என்பதற்கு அதுவே சான்று.

சவாரி வண்டி பாரவண்டி போன்றதன்று, இலேசானது. அதிலே பூட்டப்படும் நாம்பன் சோடியைப் பருத்திக்கொட்டையும் எள்ளுப் பிண்ணாக்கும் கொடுத்து, குளிப்பாட்டி, நடைபழக்கி, மாதக்கணக்கில் வளர்ப்பர். ஓட்டமோ கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இரண்டு வண்டிகள் அருகருகே புறப்படும், புழுதி எழும், ஆரவாரம் வானைப் பிளக்கும். அந்தப் புழுதிக்குள்தான் பார்வையாளரின் கண் கூர்மையாக வேலை செய்ய வேண்டும். இரு மாடுகளும் ஒத்த அடி வைக்கின்றனவா? நுகம் ஒருபக்கம் சாயாமல் நிற்கின்றதா? சாரதி கயிற்றினால் ஓட்டுகின்றானா, துவரந்தடியினால் ஓட்டுகின்றானா? இவற்றைக் காண்பவனே சவாரி பார்த்தவன் ஆவான். எது முந்தியது என்பதை மட்டும் கண்டவன் முடிவைப் பார்த்தவன், அவ்வளவே.

தடியைப் பற்றி மறைப்பின்றிப் பேச வேண்டும். வெற்றி வேட்கையால் அடிப்பதும், ஆணி பொருத்திய தடியால் குத்துவதும் இக்கலைக்கு நேர்ந்த பெரும் பழி. குருதி கசியும் விலாவோடு ஓடும் மாடு வேகத்தால் ஓடவில்லை, வேதனையால் ஓடுகின்றது. விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆனால் கூட்டம் அடியைக் கண்டு ஆர்ப்பரிக்குமாயின் ஏட்டிலுள்ள சட்டம் என்ன செய்யும்?

வேறொரு தேசத்து விளையாட்டு இங்கே ஒரு வழியைக் காட்டுகின்றது. மோட்டார்ச் சைக்கிள் சோதனையோட்டம் என்பது அதன் பெயர். 1909இல் ஸ்கொட்லாந்தில் தோன்றிய ஆறு நாட் சோதனையோட்டம் அவ்வகையிற் பழமையானது. பாறையும் சேறும் ஓடையும் நிறைந்த குறுகிய தடத்தில் வண்டியை விழாது செலுத்த வேண்டும். அங்கே பரிசு வேகத்துக்கு அன்று, சமநிலைக்கே. ஓட்டுநர் ஒருமுறை காலூன்றினால் ஒரு தண்டப்புள்ளி. இருமுறை ஊன்றினால் இரண்டு. அதற்கு மேல் மூன்று. தடத்தைக் கடக்க முடியாது போயின் ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். அருகில் நிற்கும் பார்வையாளரும் நடுவரோடு சேர்ந்து கால் தரையைத் தொடுகின்றதா என்றே நோக்குவர். விதி எதை எண்ணுகின்றதோ அதனையே கூட்டத்தின் கண்ணும் எண்ணுகின்றது.

காலூன்றுதலை எண்ணுவது போலத் தடியடியை எண்ணினால் என்ன? ஓர் அடிக்கு இத்தனை புள்ளி குறையும், ஆணியைக் கண்டால் வண்டி விலக்கப்படும் என்ற விதி ஒவ்வொரு திடலிலும் வழங்குமாயின், அடியாமல் ஓட்டுபவனே வீரன் ஆவான். இரும்பு வண்டிக்கு நோவு இல்லை, மாட்டுக்கு உண்டு. ஆகவே இவ்விதி அங்கிருப்பதினும் இங்கே வேண்டப்படுவது.

காலம் தாழ்த்தினால் நேர்வது என்ன என்பதை அயலிலே காணலாம். 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தது. 2017இல் பெரும் கிளர்ச்சிக்குப் பின் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18இல் நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. கொடுமையைத் தாமே நீக்கிக்கொள்ளாத விளையாட்டை நீதிமன்றம் வந்து நிறுத்தும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

இழப்பதற்கு இங்கே நிறைய உண்டு. உழவு இயந்திரம் வந்தபின் ஏருக்கு மாடு வளர்ப்போர் அருகிவிட்டனர். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது கட்டுகளிலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட மாடுகள் பல. இத்தனைக்கும் பின்னர் ஒரு வீட்டு முற்றத்தில் நல்ல நாம்பன் சோடி நிற்குமானால், அதற்குச் சவாரியே பெரும்பாலும் காரணம். சவாரி அழிந்தால் அச்சோடியும் முற்றத்தை விட்டு நீங்கும்.

ஆதலால் திடலுக்குச் செல்வோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. ஓடுபாதைக்குள் இறங்கலாகாது. எல்லைக் கோட்டைக் கடந்த மாடுகள் உடனே நில்லா. ஆதலின் அக்கோட்டுக்கு அப்பால் சிறுவரை நிறுத்தலாகாது. அடியைக் கண்டு ஆரவாரிக்கலாகாது. ஓட்டம் முடிந்ததும் பரிசு மேடையை நோக்கி விரையாமல், நுகத்தினின்று அவிழ்க்கப்பட்ட மாட்டின் அருகே சென்று அதன் விலாவைப் பார்க்க வேண்டும். அங்கே வடு இல்லையாயின், அந்தச் சோடி தோற்றிருந்தாலும் அதன் சாரதியை வாயார வாழ்த்த வேண்டும். அவ்வாழ்த்து அடுத்த ஆண்டு எத்தனையோ தடிகளைக் கீழே போடச் செய்யும்.