கம்பி இழுக்க அவசரம்



எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்துக்குப் போன ஆண்டு வேலி போட்டோம். ஆடுமாடுகள் உள்ளே வந்து கல்லறைகள்மேல் நடக்கின்றன என்று எல்லாருக்கும் நெடுநாள் வருத்தம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரே துடிப்பு. ஏழடிக் கான்கிரீட் கால்கள் வாங்கி, இரண்டடிக்குக் குழி தோண்டி, தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தினோம். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. கலவையைச் சுற்றிலும் போட்டுக் குத்தி இறுக்கினோம். அதுவரை குறையில்லை.

மறுநாள் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. கொத்தனார் மட்டும், “ஒரு வாரமாவது தண்ணி ஊத்துங்க, அப்புறம் கம்பி இழுக்கலாம்” என்றார். நாங்கள் கேட்கவில்லை. அன்றே முள்கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டினோம். இரண்டு மூலைக்கால்கள் உள்பக்கம் சாய்ந்தன. நடுவில் நிற்கும் காலை இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். மூலைக்காலுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு உதைகால் கொடுக்கவும் மறந்திருந்தோம். மழை வந்ததும் மற்ற கால்களும் ஆடின. மாடுகள் பழையபடி உள்ளே வந்தன.

சிமெண்ட் காய்ந்துதான் இறுகுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தண்ணீரோடு சேர்ந்துதான் அது இறுகுகிறது. சீக்கிரம் காய்ந்துவிட்டால் பலம் குறையும். ஈரச் சாக்கைச் சுற்றி வைப்பது அதற்காகத்தான். கட்டடக்காரர்கள் அதன் பலத்தை 28-ஆம் நாளில் சோதித்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

வீடு கட்டிய இருவரின் உவமை மத்தேயுவிலும் உண்டு, லூக்காவிலும் உண்டு. ஆழமாகத் தோண்டினார் என்பதை லூக்கா மட்டும் சொல்கிறார். தோண்டும் உழைப்புக்கு நாங்களும் அஞ்சவில்லை. பொறுத்திருக்கத்தான் தெரியவில்லை.

வேலியில் மட்டுமா அப்படிச் செய்தோம்? எங்கள் பங்கில் ஒரு சகோதரர் குடியை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். மகிழ்ச்சி தாங்காமல் அடுத்த ஞாயிறே மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைத்தோம். திருவிழா வரவுசெலவையும் அவர் தலையில் கட்டினோம். கணக்கில் கொஞ்சம் இடித்தது. ஆளுக்கொரு பேச்சுப் பேசினோம். அவர் மறுபடி விழுந்தார். “நமக்கு அப்பவே தெரியும்” என்றார்கள் சிலர். அவரைப் பிடித்து இழுத்தது நாங்கள்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது அவர் மாலைத் திருப்பலிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறார். எந்தப் பொறுப்பும் கொடுக்கவில்லை. சிலர் அவர் பக்கத்தில் போய் உட்காருகிறார்கள், அவ்வளவுதான்.

மூலைக்கால்களைப் பெயர்த்து, உதைகாலோடு போன வாரம் மறுபடி ஊன்றியிருக்கிறோம். இந்தக் கல்லறைத் திருநாளுக்கு வேலியில் கம்பி இருக்காது. வருகிறவர்கள் கால்களில் சாய வேண்டாம். காலையும் மாலையும் சாக்கை நனைக்க ஆள் தேவை. எங்கள் பங்கினர் முடிந்தால் பெயர் கொடுங்கள்.