தீவு மாணாக்கர் தொடுத்த வினா



நம் சங்க விடுதி மாணாக்கர்க்கு ஒரு வரலாறு கூற விழைகின்றோம். பசிபிக் சமுத்திரத்துத் தீவுநாடாகிய வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் சர்வகலாசாலையில், 2019-ஆம் ஆண்டு சட்டம் பயின்ற 27 வித்தியார்த்திகள், பூமி வெப்பமுறப் புகை பெருக்கியவை பெருந்தேசங்களாயிருக்க, கடலால் இடர்ப்படுவோர் தம் தீவினராதலின், இதற்குச் சட்டம் யாது கூறுமென வினவினர். பரீட்சைக்கு மட்டும் நெட்டுருச் செய்வோர்க்கு இவ்வெண்ணம் உதியாது. தீவுகளின் தலைவர்களுக்கு விண்ணப்பம் விடுத்தனர்; வனுவாட்டு அரசாங்கம் அதனை ஏற்று முன்னின்றது. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 29-3-2023-ல் எதிர்ப்பின்றித் தீர்மானித்து, ஹேக் நகரத்துச் சர்வதேச நியாயஸ்தலத்தின் அபிப்பிராயத்தைக் கோரிற்று. 23-7-2025-ல் நீதிபதிகள் ஏகமனதாய், சீதோஷ்ண நிலையைக் காத்தல் தேசங்களின் சட்டக் கடமையென்றும், தவறினால் நஷ்டஈடும் நேரிடலாமென்றும் மொழிந்தனர். அது கட்டளையன்று, ஆலோசனையே. ஆயினும் இனி வழக்கிடும் எந்நாட்டாரும் அதனை எடுத்துக்காட்டி வாதிடலாம்.