கலமும் நீரும்

அருகன் திருவடி போற்றி! 

சமயப் பிரிவுகளின் அதிகாரத்திற்குத் தலை வணங்காத சமணப் பெரியார் ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். அவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். குசராத்தின் வவாணியாவில் 1867-இல் பிறந்தவர். பம்பாயில் முத்தும் வைரமும் விற்ற இல்லறத்தார். இங்கிலாந்திலிருந்து 1891-இல் திரும்பிய காந்தியடிகள் அவரைக் கண்டு வியந்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோது, 27 வினாக்களை அவருக்கே எழுதித் தெளிவு பெற்றார்.

1896-இல் நடியாதில் அவர் இயற்றிய ஆத்மசித்தி 142 பாக்களை உடையது. ஆன்மா உண்டு; அஃது அழிவற்றது; வினை செய்வது; வினைப்பயன் நுகர்வது; வீடு உண்டு; வீட்டிற்கு வழியும் உண்டு என்னும் ஆறு உண்மைகளை அந்நூல் நிறுவுகின்றது. பொருளுணராது சடங்கில் நிற்பாரையும், ஒழுக்கமின்றி ஞானம் பேசுவாரையும் ஒருங்கே இடித்துரைக்கின்றது. பிரிவுப் பற்றும், வேடங்கண்டு குருவெனக் கொள்ளும் மயக்கமும் வீட்டுநெறிக்குத் தடை என்பது அவர் துணிபு. ஆயினும், மெய்க்குருவை அவர் மறுத்தாரல்லர். அவர்பால் பணிவு வேண்டுமென்றே வற்புறுத்தினார்.

"அங்ஙனமாயின் கோயிலும் அறக்கட்டளையும் எதற்கு?" என இளைஞர் வினவுகின்றனர். முறையான வினாவே. பாசண்டி மூடத்தை நம் அறநூல்களும் விலக்கின. ஆராயாது பணிதல் நற்காட்சி ஆகாது. ஆனால், ஒன்றை எண்ணிப் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்தபோது, சமணக் கருத்துகளை அவருக்கு விளக்கியவர்கள் குடந்தைச் சமண இல்லறத்தார். மடத்து அதிகாரமோ பட்டமோ அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. வழிவழியாகக் கூடிப் படித்த பழக்கமே துணை நின்றது. 1887-இல் அந்நூல் அச்சேறியது.

ராஜசந்திரர் 1901-இல், தம் 33-ஆம் வயதில் மறைந்தார். அவர் சொல்லைக் காக்கவும் பின்னாளில் ஆசிரமங்கள் எழுந்தன. நீரைத் தாங்கக் கலம் வேண்டும்; கலத்தைத் துலக்குவதிலேயே பொழுதைக் கழித்தால் நீர் வேட்கை தணியாது.

விழா முடிந்ததும், முதல் மரியாதை எவர்க்குக் கிடைத்தது எனக் கணக்கிடுதல் நம் வழக்கம். இவ்வாண்டு வேறொரு கணக்குப் பார்ப்போம். நம் இல்லத்துக் குழந்தை ஒன்றுக்கேனும் அவ்வாறு உண்மைகளையும் சொல்லிக் கொடுத்தோமா? கொடுத்தோமெனில் இவ்விழா பயனுடையது.

அறம் வளர்க!