அறிவிக்கைகளின் ஆட்சியும் விவாதமில்லா பட்ஜெட்டும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாடாளுமன்ற ஜனநாயகம் என்றதும் தேர்தலும் பெரும்பான்மையும் ஆட்சி மாற்றமுமே பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை அன்றாடம் கேள்வி கேட்கும் அதிகாரமே நாடாளுமன்றத்தின் உயிர்நாடி. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப்பொறுப்பு உடையது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 75ஆவது பிரிவு. அந்தப் பொறுப்பை நடைமுறையில் நிலைநாட்ட இரண்டு முக்கியக் கருவிகள் உள்ளன. சட்டங்களின்கீழ் அரசு வகுக்கும் விதிகளைக் கண்காணிப்பது ஒன்று; பொதுப்பணம் செலவிடப்படும் விதத்தைக் கண்காணிப்பது மற்றொன்று. இன்று இவ்விரண்டும் ஒருசேர முனை மழுங்கடிக்கப்படுகின்றன. இதன் சுமை இறுதியில் உழைக்கும் மக்களின் தலையில்தான் விழுகிறது.

சட்டமும் விதியும்

ஒவ்வொரு படிவத்தையும் கட்டணத்தையும் நாடாளுமன்றமே தீர்மானிக்க இயலாது. எனவே கொள்கையைச் சட்டம் வகுக்கிறது. நடைமுறை விவரங்களை அரசு விதிகளாக வகுக்கிறது. இவையே சார்நிலைச் சட்டங்கள் எனப்படுகின்றன. இந்த ஏற்பாட்டில் தவறில்லை. ஆனால், சட்டமியற்றும் பணியின் சாரத்தை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதை உச்சநீதிமன்றம் 1951ஆம் ஆண்டிலேயே, தில்லிச் சட்டங்கள் தொடர்பான வழக்கில் தெளிவுபடுத்தியது.

விதிகளைக் கண்காணிப்பதற்கென்றே மக்களவையில் 1953ஆம் ஆண்டிலும் மாநிலங்களவையில் 1964ஆம் ஆண்டிலும் சார்நிலைச் சட்டக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 15 உறுப்பினர்கள் உள்ளனர். பொதுவாக, வகுக்கப்படும் விதிகளை அவைகளின் முன் 30 நாட்கள் வைக்க வேண்டும். அவற்றைத் திருத்தவோ நீக்கவோ அவைகளுக்கு அதிகாரம் உண்டு. ஆனால், இரு அவைகளும் உடன்பட்டால்தான் விதி நீங்கும். அதற்குள் அந்த விதியின்கீழ் செய்யப்பட்டவை யாவும் செல்லும். அதாவது, விதி முதலில் நடைமுறைக்கு வருகிறது. நாடாளுமன்றத்தின் கேள்வி பின்னர்தான் வருகிறது.

இந்த வாய்ப்பை இடதுசாரிகள் பயன்படுத்திய ஒரு நிகழ்வு நினைவுகூரத் தக்கது. இணையத்தில் வெளியாகும் கருத்துகளை நீக்கவைக்க வழிசெய்யும் விதிகளைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு 2011ஆம் ஆண்டு வகுத்தது. அவற்றை நீக்கக் கோரி மார்க்சிஸ்ட் கட்சியின் உறுப்பினர் பி.ராஜீவ் மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்தார். 2012 மே மாதம் அது விவாதிக்கப்பட்டு, குரல் வாக்கெடுப்பில் தோற்றது. ஆயினும், ஒரு விதியைப் பற்றி அவையில் முழுமையான விவாதம் நடைபெற முடியும் என்பது அன்று நிரூபணமாயிற்று. 2015ஆம் ஆண்டு ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் அதே விதிகளின் முக்கியப் பகுதியின் வீச்சைச் சுருக்கியது. அவையில் தோற்ற வாதம் நீதிமன்றத்தில் வலுப்பெற்றது.

300 என்ற எண்

இன்றைய நிலைமையைத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் துலக்கமாகக் காட்டுகின்றன. தொழில் தகராறு சட்டத்தின்கீழ் 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் ஆலையில் ஆட்குறைப்பு செய்யவும் ஆலையை மூடவும் அரசின் முன் அனுமதி கட்டாயமாக இருந்தது. புதிய தொழில் உறவுகள் தொகுப்பு இந்த வரம்பை 300 ஆக உயர்த்தியது. இதனை மத்தியத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன.

ஆனால் 300 என்ற எண்ணோடு சட்டம் நின்றுவிடவில்லை. 300 அல்லது உரிய அரசு அறிவிக்கையின் மூலம் குறிப்பிடும் அதனினும் அதிகமான எண்ணிக்கை என்று அது நீள்கிறது. நாளையே இந்த வரம்பை 500 ஆகவோ 1000 ஆகவோ உயர்த்த அரசு விரும்பினால், மசோதா தேவையில்லை; விவாதம் தேவையில்லை; வாக்கெடுப்பு தேவையில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும். ஒரு தொழிலாளியின் வேலைப் பாதுகாப்பு அமைச்சக அதிகாரியின் கையெழுத்தில் தொங்குகிறது.

இதன் முன்வரைவைத் தொழிலாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்தது. வரம்பை 300 ஆக உயர்த்தலாம் என்று கூறிய அதே குழு, அதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும், அறிவிக்கையின் மூலம் மாற்றும் அதிகாரத்தை நீக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசு என்ன செய்தது? முதலாளிகளுக்குச் சாதகமான 300 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது. நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைக் காக்கும் பரிந்துரையைக் கைவிட்டது.

இத்தொகுப்பு மாநிலங்களவையில் 2020 செப்டம்பர் 23 அன்று நிறைவேறியது. வேளாண் மசோதாக்களுக்கு எதிராகக் குரலெழுப்பியதற்காக எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. எதிர்ப்புக் குரல் இல்லாத அவையில் மூன்று தொகுப்புகள் ஒரே நாளில் நிறைவேற்றப்பட்டன. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன.

அறிவிக்கை ஆட்சியின் விளைவை நாடு முன்பே கண்டிருக்கிறது. 1978ஆம் ஆண்டு உயர்மதிப்பு நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியபோது அதற்கென்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2016 நவம்பர் 8 அன்றோ ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்கீழ் ஓர் அறிவிக்கை வெளியிடப்பட்டது. கோடிக்கணக்கான மக்கள் வங்கி வாசலில் நிறுத்தப்பட்டனர். 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றப் பெரும்பான்மை இதனை ஏற்றது. ஆனால், இத்தகைய முடிவு நாடாளுமன்றத்தின் வழியே வந்திருக்க வேண்டும் என்று நீதிபதி பி.வி.நாகரத்னா மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார்.

செலவின் மீதான கட்டுப்பாடு

சட்டத்தின் வழியே ஒதுக்கப்படாத ஒரு ரூபாயைக் கூட இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து எடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 266ஆவது பிரிவு. இதற்காகவே ஒவ்வோர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் மக்களவையின் ஒப்புதலுக்கு வருகிறது. கோரிக்கைகளைத் துறைவாரியாக ஆராய 1993ஆம் ஆண்டு நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. இன்று அவை 24. கேரள சட்டமன்றம் இதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1980ஆம் ஆண்டில், இத்தகைய குழுக்களை அமைத்து வழிகாட்டியது.

நடைமுறை என்ன? விவாதிக்கப்படாத கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடும் முறைக்கு கில்லட்டின் என்று பெயர். 2018ஆம் ஆண்டு ஒரு கோரிக்கை கூட விவாதிக்கப்படாமல் அனைத்தும் இம்முறையில் நிறைவேற்றப்பட்டன. 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் செலவினத்துக்கு மக்களவை விவாதமின்றி ஒப்புதல் அளித்தது. கல்விக்கு எவ்வளவு, ஊரக வேலைக்கு எவ்வளவு, ஏன் குறைந்தது என்று கேட்கும் வாய்ப்பே மக்கள் பிரதிநிதிகளுக்குக் கிடைக்கவில்லை.

நிதி மசோதாவும் பின்வாசலாக மாற்றப்பட்டுள்ளது. 2017ஆம் ஆண்டு நிதி மசோதாவுக்குள் தேர்தல் பத்திரங்கள் நுழைக்கப்பட்டன. கார்ப்பரேட் நன்கொடைக்கான 7.5 சதவீத உச்சவரம்பும் நீக்கப்பட்டது. பண மசோதா என்று அறிவிக்கப்பட்டதால் மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்ய முடிந்தது. கார்ப்பரேட் நன்கொடை தொடர்பாகத் தோழர் சீத்தாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தங்களை அந்த அவை ஏற்றது. மக்களவைப் பெரும்பான்மை மறுநாளே அவற்றை நிராகரித்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் மனுதாரராக இருந்த வழக்கில் 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டமும் வரம்பற்ற நன்கொடையும் செல்லாதவை என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கைமாறிய பணம் கைமாறியதுதான்.

செலவுக்குப் பிந்தைய கண்காணிப்பு தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையில் தொடங்குகிறது. அதனை ஆராயும் பொதுக் கணக்குக் குழு 1921ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. 22 உறுப்பினர்களைக் கொண்ட இக்குழுவில் அமைச்சர்கள் இடம்பெற முடியாது. 1967ஆம் ஆண்டிலிருந்து எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைத் தலைவராக நியமிப்பது மரபு. 1970களில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஜோதிர்மய் பாசுவும் அப்பொறுப்பை வகித்தார்.

தணிக்கையின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யவே இழப்பீட்டு செஸ் வசூலிக்கப்பட்டது. அதில் 2017-18, 2018-19 ஆகிய இரு ஆண்டுகளில் 47,272 கோடி ரூபாயை உரிய நிதியத்தில் ஒன்றிய அரசு செலுத்தவில்லை, இது சட்டமீறல் என்று 2020ஆம் ஆண்டு வெளியான தணிக்கை அறிக்கை கூறியது. பெருந்தொற்றுக் காலத்தில் இழப்பீடு தர நிதியில்லை என்று மாநிலங்களைக் கடன் வாங்கச் சொன்ன அதே ஆண்டில் இந்த உண்மை வெளியாயிற்று. தணிக்கை இல்லையேல் இது யாருக்கும் தெரிந்திருக்காது. பிரதமரின் பெயரில் 2020 மார்ச்சில் தொடங்கப்பட்ட பிஎம் கேர்ஸ் நிதியம் இந்தத் தணிக்கை வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளதன் பொருளை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கட்சி உறுப்பினர்களின் கடமை

பெரும்பான்மை இருக்கும்வரை ஆளுங்கட்சி நினைத்ததைச் செய்யும், இதில் கிளைகள் என்ன செய்ய இயலும் என்ற கேள்வி எழலாம். நாடாளுமன்றத்திற்குள் நடக்கும் போராட்டம் வெளியே நடக்கும் போராட்டத்தின் வலிமையையே பிரதிபலிக்கிறது. அவையில் நிறைவேற்றப்பட்ட மூன்று வேளாண் சட்டங்களை 2021ஆம் ஆண்டு திரும்பப் பெறவைத்தது தில்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்திருந்த விவசாயிகளின் உறுதியே.

எனவே, குறிப்பான பணிகள் மூன்று உள்ளன. முதலாவதாக, வரைவு விதிகள் அரசிதழில் வெளியாகும்போது கருத்து தெரிவிக்க அவகாசம் தரப்படுகிறது. வேலை நேரம், ஊதியம், ஆலைமூடல் குறித்த வரைவுகளைத் தொழிற்சங்கத் தோழர்கள் சொல் சொல்லாகப் படித்து, ஆட்சேபங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவதாக, ஒரு விதி ஓர் ஆலையில், ஒரு கிராமத்தில் என்ன செய்தது என்ற விவரங்களைத் திரட்டி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும். அவையில் எழும் கேள்விக்குக் களத்தின் சான்றே கூர்மை தருகிறது. மூன்றாவதாக, தணிக்கை அறிக்கைகளின் செய்தியை எளிய தமிழில் தெருமுனைக் கூட்டங்களுக்கும் ஆலைவாயில் கூட்டங்களுக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

முதலாளித்துவ நாடாளுமன்றத்தின் எல்லைகளைக் கம்யூனிஸ்டுகள் நன்கறிவர். ஆயினும், போராடிப் பெற்ற ஜனநாயக உரிமைகளை ஆளும் வர்க்கமே சிதைக்கும்போது, அவற்றைக் காக்கும் போரில் முன்னணியில் நிற்க வேண்டியது தொழிலாளி வர்க்கமே. 300 என்ற எண்ணை மாற்றும் அறிவிக்கை எந்த நாளிலும் வரலாம். அது வரும் நாளில் ஒவ்வோர் ஆலைவாயிலும் தயாராக இருக்க வேண்டும்.