தரிசென்று எதனைச் சொல்வது?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் நாள்தோறும் குளித்தும் துவைத்தும் விடுகின்ற நீர் எங்கே போகின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஹூக்ளி நதி கொல்கத்தாவின் மேற்கே ஓடுகின்றது. நகரின் நிலமட்டமோ கிழக்கு நோக்கிச் சரிந்துள்ளது. ஆகவே கழிவுநீர் கிழக்கேயுள்ள சதுப்பு நிலத்தை நாடியே செல்கின்றது.

முற்காலத்தில் அங்கே வித்யாதரி நதி கடலின் ஏற்றவற்றத்தோடு ஓடியது. அதனால் அங்கிருந்த நீர்நிலைகள் உப்பேரிகள் எனப்பட்டன. மனிதர் கால்வாய் வெட்டியும் கரை எழுப்பியும் கழிவை விட்டும் வந்தமையால் நதி வண்டல் படிந்து தூர்ந்தது. 1928-ஆம் ஆண்டில் அது செயலற்ற நதியென அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த மீனவரோ மனம் தளரவில்லை. கழிவுநீரையே ஆழமற்ற குளங்களில் பாய்ச்சி மீன் வளர்க்கலாயினர். அக்குளங்களை வங்காளிகள் 'பேரி' என்பர். வெயிலில் பாசி தழைக்கின்றது. பாசி தரும் பிராணவாயுவால் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. பாசி மீனுக்கு இரையாகின்றது. தெளிந்த நீர் நெல்வயலுக்குப் பாய்கின்றது. பெரிய இயந்திரம் எதுவுமின்றி நிகழும் இச்சுத்திகரிப்பை உலகுக்கு எடுத்துரைத்தவர், மாநில அரசின் பொறியாளராயிருந்து 2018-இல் காலமான துருவஜோதி கோஷ் ஆவார்.

ஆயினும் இதனைத் தரிசெனக் கருதியோர் பலர். 1962 முதல் ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து உப்பேரியின் ஒரு பகுதியை நிரப்பினர். பிதான் நகர் எழுந்தது. நெருக்கடி மிகுந்த நகருக்கு வீடுகள் தேவைப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மீன் வளர்த்த குளங்களும், நாணற் புதர்களும், பறவைகள் இறங்கிய நீர்ப்பரப்பும் மண்ணுக்கடியில் மறைந்தன. 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் எஞ்சிய சதுப்பின் பயன்பாட்டை மாற்றலாகாதெனத் தடுத்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் சதுப்பு நிலமாயிற்று. அதன் பின்னரும் ஓரங்களில் நிரப்புதல் நின்றபாடில்லை.

நம் ஊர்களில் ஏரி, குளம், மேய்ச்சல் நிலங்களைப் 'புறம்போக்கு' என்று கணக்கில் எழுதினர். ஒருவர் பட்டாவிலும் அடங்காத, ஊருக்குப் பொதுவான நிலம் அது. இன்று அச்சொல் வசைமொழியாகிவிட்டது! சென்னைத் தியாகராய நகரும் 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து அமைந்ததே.

நம் அலுவலகத்தில் ஒரு பழைய மேசையை உபயோகமற்றதெனத் தள்ளுவதற்கும் பார்வையிட்டுக் கையெழுத்திட வேண்டியிருக்கின்றது. ஓராயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் நிலத்தைத் தரிசென்று தள்ள ஒருவர் வாய்ச்சொல் போதுமா?

இது நமக்கு அயலான விஷயமன்று. ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸை விட்டு வெளியேறும் நாளில் சேமநிதியைக் கொண்டு ஒரு பிளாட் வாங்க விழைகின்றோம். நகரின் கீழ்ப்புறத்தில் விலை மலிவு என்பார் தரகர். அப்பொழுது பத்திரத்தோடு பழைய நிலப்பதிவையும் பார்ப்போம். குளமென்று பதிவாகியிருந்தால், எவ்வளவு மலிவாயினும் வேண்டாமென்போம். குளத்தின்மேல் கட்டிய வீட்டைத் தேடி மழைநீர் வந்தே தீரும். குளத்தை இழந்த மீனவர் எங்கே போவார்? வாங்குவோர் இல்லையெனில் நிரப்புவோரும் குறைவர்.

வந்த இடத்தில் நம்மை வாழவைக்கும் மண்ணுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு இதுவே.